பார்க்க ஆள் வேண்டும்

“நீங்க என்ன வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார் ஒருவர். தோட்டம் போட்டவர்கள் வாசலைத் திறந்து வைத்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. வந்திருந்த ஒவ்வொருவரிடமும் சொல்ல ஏதோ இருந்தது. ஒருவருக்கு மாவுப்பூச்சித் தொல்லை. இன்னொருவருக்குக் கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணி ஒன்றரை மாதமாகியும் துளிர் விடாத ரோஜா. ஓர் அம்மாவுக்குக் கிளையை வளைத்து மண்ணில் போட்ட பதியன் எல்லாம் பிடித்துக்கொண்ட சந்தோஷம். என் முறை வந்தது. “நான் எதுவும் வெக்கலைங்க, பார்க்கத்தான் வந்தேன்” என்றேன். “ஓ, பார்க்க மட்டுமா?” என்றார். அதில் கேலி எதுவும் இல்லை. சிரித்த முகத்தோடுதான் கேட்டார். கேட்டுவிட்டுப் பதியன் அம்மாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வந்து சேரும் வரை அந்த ‘மட்டும்’ என்னோடு நடந்து வந்தது.

இது நடந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. அந்தச் சொல் இன்னும் போகவில்லை. எனக்குத் தோட்டங்கள் என்றால் உயிர். வாரத்தில் நான்கு நாளாவது ஏதாவது ஒரு தோட்டத்தில் இருப்பேன். பூங்காவாக இருக்கலாம், தாவரவியல் தோட்டமாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவின் தோட்டமாக இருக்கலாம். ஆனால் ஒரு தொட்டிகூட நான் வைத்ததில்லை. செடி வைத்து, அது பட்டுப்போய், மனம் விட்டவன் இல்லை நான். வைக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. இதைச் சொன்னால் மற்றவர்களுக்கு என்மேல் பரிவு வந்துவிடுகிறது. “சின்னதா ஒரு தொட்டியில ஆரம்பிங்க, அப்புறம் தானா வரும்” என்று நாற்று கொடுக்க வருகிறார்கள். பார்ப்பது என்பது வளர்ப்பதற்கு முந்தைய படி. அந்தப் படியிலேயே நான் நின்றுவிட்டேன், கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனாலும் ஏதோ ஒன்று தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

பாட்டுக்கு ரசிகர் இருக்கிறார், எழுத்துக்கு வாசகர் இருக்கிறார். கச்சேரி கேட்க வந்தவரிடம் நீங்கள் என்ன வாசிப்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. தோட்டத்துக்குத் தோட்டக்காரர் உண்டு. வேலியோரம் நின்று பார்ப்பவனுக்கு என்ன பெயர்? பார்வையாளர் என்று சொல்லலாம். அது கண்காட்சியில் சீட்டு வாங்கி உள்ளே போகிறவருக்கும் பொருந்தும். அன்றாடம் வந்து பார்ப்பவனை, எந்தக் கிளையில் எத்தனை மொட்டு இருந்தது என்று நினைவு வைத்திருப்பவனை அந்தச் சொல் தொடவில்லை. இத்தனைக்கும் பூவை இத்தனை கூர்மையாகப் பார்த்த மொழி நம்முடையது. அரும்புக்கு ஒரு சொல், விரியப் போவதற்கு ஒரு சொல், விரிந்ததற்கு ஒன்று, உதிர்ந்து கிடப்பதற்கு ‘வீ’ என்று தனியாக ஒன்று. குறிஞ்சிப்பாட்டில் அருவியில் ஆடிவிட்டு வரும் பெண்கள் பறித்துக் குவிக்கும் பூக்களைக் கபிலர் அடுக்கிக்கொண்டே போகிறார், 99 பூக்கள். அவற்றில் ஒன்றையாவது அவர்கள் நட்டுத் தண்ணீர் ஊற்றியதாகப் பாட்டில் இல்லை. மலையில் நடந்தார்கள், பார்த்தார்கள், பெயர் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்தப் பெண்களிடம் போய்ப் ‘பார்க்க மட்டுமா’ என்று யார் கேட்பார்கள்?

நாலு மணிக்கு மேலே

அக்காவின் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய இடம் இல்லை. வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே முப்பது நாற்பது அடி நீளம், குறுக்கே பத்து எட்டு வைத்தால் முடிந்துவிடும். மதிலோரம் ரோஜா வரிசை, நடுவில் பாத்திகள், மூலையில் தானாக முளைத்துத் தானாகப் பரவிய அந்திமந்தாரை, அதற்கு எதிரே ஒரு கல் பெஞ்சு. நான் பெரும்பாலும் உட்காருவது அந்தப் பெஞ்சில்தான். “கேட்டு திறந்துதான் இருக்கும், வந்துட்டுப் போ தம்பி” என்று எப்போதோ ஒருமுறை சொன்னார். அதன் பிறகு நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

ஒரே தோட்டத்தை ஒரே நேரத்தில் போய்ப் பார்ப்பவருக்கு அந்தத் தோட்டத்தில் கால்வாசிதான் கிடைக்கும் என்பது என் எண்ணம். 1751இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் எந்தப் பூ எத்தனை மணிக்கு விரியும், எத்தனை மணிக்கு மூடும் என்று குறித்து, பூக்களை வைத்தே நேரம் சொல்லலாம் என்று எழுதினார். பூக்கடிகாரம் என்ற பெயர் பிரபலமாகிவிட்டது. எனக்கு அதில் பிடித்தது கடிகாரம் அல்ல. அந்தப் பட்டியல் உருவாக வேண்டுமென்றால், அதிகாலையிலும் உச்சிவெயிலிலும் பொழுது சாய்ந்த பிறகும் யாரோ ஒருவர் ஒரு செடியின் முன்னால் சும்மா நின்றிருக்க வேண்டும். அந்தச் சும்மா நிற்றல் பிடித்திருக்கிறது.

அந்திமந்தாரையை அப்படி நின்று பாருங்கள். மூன்றரை மணிக்கு மொட்டு, மடக்கிச் சுருட்டிய குடை மாதிரி முறுக்கிக்கொண்டு இருக்கும். நாலு மணி தாண்டியதும் முறுக்கு மெல்லத் தளரும். விரிவதைக் கண்ணால் பிடிக்க முடியாது. ஆனால் பக்கத்துப் பூவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் இது கொஞ்சம் மாறியிருக்கும். ஒரே செடியில் மஞ்சள், சிவப்பு, இரண்டும் தெளித்தது என்று மூன்று விதமாக இருக்கும். வெளிச்சம் குறையக் குறைய மணம் கூடும். நன்றாக இருட்டும் நேரத்தில், நின்ற இடத்திலேயே சிறகடித்துக்கொண்டு, நீளக் குழலைப் பூவுக்குள் விட்டுத் தேன் குடிக்கும் பெரிய அந்துப்பூச்சி ஒன்று வரும். ஒரு பூவில் இரண்டு நொடிகூட நிற்காது. அதன் சிறகுக் காற்று பட்டுப் பக்கத்து இலை நடுங்கும். இதைப் பார்க்க நான் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். அந்த முக்கால் மணி நேரத்தில் என் மனதில் வேறு எதுவும் இருந்ததாக நினைவில்லை.

அக்கா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலையில் வெயில் ஏறும் முன்பு ஒரு சுற்று, மாலையில் பூவாளியோடு ஒரு சுற்று. நடக்கும்போதே கை வேலை செய்யும். பழுத்த இலை கண்ணில் பட்டால் கிள்ளும், களை தெரிந்தால் வேரோடு வரும், தொட்டி மண்ணில் விரல் முட்டி வரை இறங்கி ஈரம் பார்க்கும். அவர் இலையைப் பார்க்க மாட்டார், இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பார். அசுவினிப் பூச்சி முதலில் ஏறுவது அங்கேதான். “இந்தச் செவப்பு எவ்வளவு அழகா இருக்கு” என்று நான் சொன்னால், “கீழ தண்டு காஞ்சுக்கிட்டு வருது பாரு” என்பார். அவருக்கு அந்த ரோஜாவின் நேற்றும் நாளையும் தெரியும். எனக்கு அதன் இன்றைய சாயங்காலம் தெரியும். இரண்டும் ஒரே செடியைப் பற்றியவைதான் என்று அப்போதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. அவருடையது அறிவு, என்னுடையது பொழுதுபோக்கு என்றே மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ‘மட்டும்’ என்ற சொல் அவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்குக் காரணம் அந்தக் கணக்குதான்.

இருநூறு வருடம் கழித்து வந்த கண்

இத்தாலியில் பதுவா நகரத்தில் 1545இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. அங்கே 1585இல் நட்ட குட்டைப் பனை ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது, அதற்கென்று கட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள். 1786இல் ஜெர்மானியக் கவிஞர் கதே அந்தத் தோட்டத்துக்குப் போனார். அந்தப் பனையின் முன்னால் நின்றார். அடியில் இருந்த இலைகள் பிளவில்லாமல் ஈட்டி போல ஒற்றையாக இருந்தன. மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்து, உச்சியில் முழு விசிறியாக விரிந்திருந்தன. ஒன்று இன்னொன்றாக மாறுவது கண்ணெதிரே படிப்படியாக நின்றது. செடியின் உறுப்புகள் எல்லாம் இலை என்ற ஒன்றின் மாற்றங்கள்தான் என்ற தன் எண்ணத்தை அவர் 1790இல் எழுதினார். அந்த எண்ணத்தோடு இந்தப் பனையும் சேர்த்தே பேசப்படுகிறது, மரத்துக்கே கதேயின் பனை என்று பெயராகிவிட்டது. தன் வீட்டில் கதேயும் தோட்டம் வைத்திருந்தவர்தான். ஆனால் பதுவாவில் அவர் விருந்தாளி. நட்ட கைக்கும் பார்த்த கண்ணுக்கும் இடையே 201 ஆண்டுகள். நட்டவருக்கு இப்படி ஒருவர் வந்து இப்படி ஒன்றைப் பார்ப்பார் என்று தெரிந்திருக்க வழியில்லை. நட்டார். பார்க்க ஆள் வந்து சேர்ந்தது.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் பார்க்க ஆள் வேண்டும் என்ற ஏக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன். 1927இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 609 தனியார் தோட்டங்கள் பொதுமக்களுக்காகக் கதவைத் திறந்தன. செவிலியர் சேவைக்கு நிதி திரட்டத்தான் திறந்தார்கள். ஆனால் நூறு வருடம் ஆகப்போகிறது, அந்தப் பழக்கம் இன்னும் நிற்கவில்லை. நிதி திரட்ட வேறு எத்தனையோ வழி உண்டு. யாரோ வந்து பார்க்கட்டும் என்ற ஆசை அடியில் இல்லாவிட்டால் இத்தனை காலம் ஓடியிருக்காது.

“நல்லா இருக்குன்னா என்ன?”

போன வருடம் அக்கா படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். தகடு வைத்து, கட்டுப் போட்டு, இரண்டு மாதம் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். தோட்டம் வீட்டின் மறுபக்கம். நான் பார்க்கப் போனபோது, செடிகளைப் பற்றித்தான் கவலைப்படுவார் என்று நினைத்து, “தினமும் நான் வந்து தண்ணி ஊத்தட்டுமாக்கா?” என்று கேட்டேன்.

“தண்ணி ஊத்த ஆள் இருக்கு தம்பி, பையன் ஊத்திருவான். பார்க்கத்தான் ஆள் இல்ல. நீ வழக்கம்போல வந்து உக்காந்து பாரு. பார்த்துட்டு எங்கிட்ட வந்து சொல்லு.”

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தலையணையைச் சரி செய்யச் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை வருடம் அந்தக் கல் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்ததை அவர் கவனித்திருக்கிறார். அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பெயர் ‘பார்க்கிறது’. அதோடு மட்டும் என்பது ஒட்டவில்லை.

முதல் நாள் போய், “எல்லாம் நல்லா இருக்குக்கா” என்றேன். “நல்லா இருக்குன்னா என்ன?” என்றார். ரோஜா பூத்திருக்கிறது என்றேன். எந்த ரோஜா, மதிலில் இருந்து எத்தனாவது, எத்தனை பூ, வெளி இதழ் பின்னால் மடங்கிவிட்டதா இல்லையா, நேற்று மொட்டாக இருந்ததா அரைவிரிவாக இருந்ததா என்று வரிசையாகக் கேட்டார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருடப் பார்வை என்னிடம் இருந்தது, ஆனால் அது என் நிம்மதிக்குப் பார்த்த பார்வை. இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லப் பார்க்கும்போது கண் வேறு மாதிரி வேலை செய்தது. மறுநாள் கூடுதலாக அரை மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் என் பேச்சு மாறிவிட்டது. “ரெண்டாவது செடியில கீழ்க்கிளை மொட்டு ஒண்ணு இன்னிக்குக் காலைல முனை பிரிஞ்சிருந்துச்சு, சாயங்காலத்துக்குள்ள ஒரு இதழ் வெளிய வந்துருச்சு. ஓரம் மட்டும் வெளிறியிருக்கு.” அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சில சமயம் கை போர்வையின் மேல் அசையும், கிள்ளுவது போல.

அந்தச் சுவர் ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று நினைவுக்கு வரும். ராஜர் உல்ரிச் என்பவர் 1984இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய சிறிய கட்டுரை. பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்து பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் இருந்தவர்களின் பதிவேடுகளை எடுத்து ஒப்பிட்டார். 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு போனார்கள், கடுமையான வலி மருந்து குறைவாகக் கேட்டார்கள். அந்த 23 பேரில் யாரும் எழுந்து போய் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. படுத்தபடி பார்த்தார்கள். அக்காவுக்கு அதுகூட இல்லை, என் வாய்ச்சொல்தான் இருந்தது. அவருடைய எலும்பு அதனால் வேகமாகக் கூடியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நான் போக நேரமாகும் நாட்களில் அவர் மகனிடம் இரண்டு முறை கேட்டுவிடுவார் என்று தெரிந்தபோது, நான் நேரத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

மூன்றாவது வாரம் அவர் மகன், “ரோஜா இலையெல்லாம் பூச்சி தின்னுது, மருந்து அடிச்சிரலாம்னு இருக்கேன்” என்றார். அக்கா என்னைப் பார்த்தார். “எப்படித் தின்னிருக்கு? ஓரமா, நடுவுலயா?” எனக்கு அது தெரியும். இரண்டு நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இலையின் ஓரத்தில், பொத்தான் அளவுக்கு, கத்தரியால் வெட்டிய மாதிரி சுத்தமான அரைவட்டம். புழு தின்றால் ஓரம் பிய்ந்து கிடக்கும், கீழே கருப்பாக எச்சம் கொட்டிக் கிடக்கும். இங்கே எதுவும் இல்லை. வெயில் ஏறிய பிறகு ஒரு சின்னத் தேனீ வரும். இலையின் விளிம்பைக் காலால் பற்றிக்கொண்டு, தன்னையே சுற்றிக்கொண்டு வெட்டும். வெட்டு முடியப்போகும் நேரத்தில் சிறகை அடிக்க ஆரம்பித்துவிடும். இல்லாவிட்டால் துண்டோடு சேர்ந்து அதுவும் விழுந்துவிடும். துண்டு கழன்ற அதே நொடியில், அதை வயிற்றுக்குக் கீழே சுருட்டிப் பிடித்தபடி மதிலுக்குப் பறந்துபோகும். மதிலில் ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று இருந்தது, அதற்குள் நுழைந்துவிடும். இலைவெட்டித் தேனீ. நீள்துண்டுகளால் சுற்றிலும் சுவர் வைத்து, உள்ளே மகரந்தமும் தேனும் பிசைந்து வைத்து, ஒரு முட்டை இட்டு, வட்டத் துண்டுகளால் மூடும். அப்படி ஒன்றன்பின் ஒன்றாக அறைகள். செடிக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. “முப்பது வருஷமா அந்த எல வெட்டை நான் புழு போட்டதுன்னுதான் நெனைச்சிருந்தேன்” என்றார் அக்கா. பிறகு மகனிடம், “மருந்து வேண்டாம்ப்பா” என்றார்.

இந்தக் கதையைச் சொன்னால் கேட்பவர்கள் முகம் தெளிந்துவிடுகிறது. “பார்த்தீங்களா, நீங்க பார்த்ததுக்கு ஒரு பலன் கிடைச்சுது” என்கிறார்கள். எனக்கு அது முழுமையாக ஒப்பவில்லை. பலன் கிடைத்தது உண்மை, சந்தோஷமும்தான். ஆனால் அந்தத் தேனீயை நான் இரண்டு நாள் பார்த்தது மருந்தைத் தடுக்க அல்ல. அது பறக்கும்போது பச்சைத் துண்டு ஒன்று தானாகக் காற்றில் போவது போல இருந்தது, அதனால் பார்த்தேன். மருந்துப் பேச்சே வராமல் போயிருந்தாலும் அந்த இரண்டு நாள் எனக்கு அதே இரண்டு நாள்தான். ஜப்பானில், கியோட்டோவில் ரியோஆன்ஜி கோயிலில் வெண்சரளை பரப்பிய ஒரு தோட்டம் இருக்கிறது. அதில் 15 கற்கள். உள்ளே யாரும் கால் வைப்பதில்லை, மரத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும். சரளையைத் தினமும் கீறி ஒழுங்கு செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இல்லாமல் அந்தத் தோட்டம் இல்லை. ஆனால் அதை உண்டாக்கியவர் மனதில் திண்ணையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெரியாத அந்த ஒரு கல், உட்கார்ந்திருப்பவருக்காகத்தான் மறைந்திருக்கிறது.

இந்த நாட்களில் பார்ப்பவனுக்கும் சில கடமைகள் உண்டு என்று புரிந்தது. பாத்தி மண்ணில் மிதிக்கக் கூடாது. கேட்காமல் யோசனை சொல்லக் கூடாது. பூத்துக் குலுங்கும்போது மட்டும் வந்துவிட்டு, கவாத்து முடிந்து வெறும் குச்சியாக நிற்கும்போது வராமல் இருந்துவிடக் கூடாது. எனக்கு இதில் கடைசிதான் முக்கியம். குச்சியாக நின்ற நாட்களிலும் பார்த்தவனுக்குத்தான் முதல் செந்துளிர் எந்தக் கணுவில் இருந்து எட்டிப் பார்க்கிறது என்பது தெரியும்.

கல் பெஞ்சு

ஒன்பதாவது வாரம் அக்கா கைத்தடியோடு வெளியே வந்தார். மகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பெஞ்சில் உட்கார வைத்தோம். குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் கையில் வேலை எதுவும் இல்லை. முதலில் அவருக்கு அது பிடிபடவில்லை. எட்டும் தூரத்தில் ஒரு களை இருந்தது. கை நீண்டு, பாதியில் நின்று, மடிக்குத் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து, “எந்த எல?” என்று கேட்டார்.

காட்டினேன். இரண்டாவது ரோஜா, இடது பக்கம், மூன்று அரைவட்டம் வெட்டியிருந்த இலை. மதிலில் ஆணி ஓட்டையையும் காட்டினேன். அதன் வாயை இப்போது பச்சையாக ஒரு மூடி அடைத்திருந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் அதையே பார்த்தார். “இனிமே வருமா?” என்றார். “இந்த ஓட்டை முடிஞ்சிருச்சுக்கா. வேற எடம் பார்த்தா வரும்” என்றேன். வெயில் மதிலை விட்டு இறங்கும் வரை காத்திருந்தோம். வரவில்லை. நான் எழுந்திருக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மூலையில் இருந்த அந்திமந்தாரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எத்தன மணிக்கு தம்பி விரியும்?”

“இன்னும் கால் மணி நேரத்துலக்கா.”

தடியைப் பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு, முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டார்.